கர்நாத்தாவைக் கண்ட கண்கள்: மதுரை முதல் அல்ஹம்ரா வரை

கம்பத்திலிருந்து சுருளிப்பட்டிச் சாலையில் செல்வோர் இருமருங்கிலும் திராட்சைப் பந்தல்களைக் காண்பர். பந்தல்களுக்கு அப்பால் மலை. மலைக்கும் பந்தலுக்கும் இடையே வாய்க்கால். பன்னீர்த் திராட்சை என்று நாம் வழங்கும் இக்கொடி, 1832-இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவரால் தமிழகத்துக்கு வந்ததாகச் சொல்லப்படுவது. 2023-ஆம் ஆண்டில் இதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. மலையடிவாரம், ஓடும் நீர், திராட்சை, தோட்டங்களுக்கு நடுவே ஓர் ஊர் என்ற இந்தக் காட்சியை ஒத்த ஐரோப்பிய நகரம் ஒன்றைப் பற்றியே இங்கு எழுதப் புகுகிறோம். ஸ்பெயின் நாட்டின் தென்பகுதியில், சியெரா நெவாடா பனிமலையின் அடியில் அமைந்த கர்நாத்தா அது. இன்று உலகம் அதனைக் கிரனாடா என்று அழைக்கிறது.

இக்கட்டுரைக்குக் காரணம் ஒரு சிறு நிகழ்ச்சி. ஐரோப்பாவில் பணிபுரியும் எம் உறவினர் மகன் ஒருவர், விடுமுறையில் கர்நாத்தா சென்று, அல்ஹம்ரா மாளிகையின் முன் நின்று எடுத்த படத்தை எமக்கு அனுப்பியிருந்தார். படத்தின் கீழே, “மாமா, இதெல்லாம் ஒரு காலத்தில் நம்முடையதாக இருந்தது!” என்று எழுதியிருந்தார். வாசித்தபோது மனம் நெகிழ்ந்தது உண்மை. ஆயினும், சற்று நேரம் சென்றபின் அந்த ‘நம்முடையது’ என்னும் சொல் எம்மை உறுத்தத் தொடங்கியது. கம்பத்து இராவுத்தர் குடும்பத்து இளைஞருக்குக் கர்நாத்தா எவ்வகையில் உரியது? குருதியாலா, ஆட்சியாலா, அல்லது வேறொன்றாலா? இவ்வினாவுக்கு விடை தேடுகையில், கர்நாத்தாவையும் நம் தமிழ் மண்ணையும் ஒருங்கே கண்ட இரு பயணிகள் நினைவுக்கு வந்தனர். ஒருவர் இப்னு பதூதா; மற்றவர் அல்லாமா இக்பால்.

தோட்டத்தில் நிகழ்ந்த சந்திப்பு

தன்ஜாவில் 1304-இல் பிறந்த இப்னு பதூதா, 1325-இல் ஹஜ்ஜை நாடி வீட்டைவிட்டுப் புறப்பட்டவர். ஏறத்தாழ முப்பதாண்டுக் காலம் உலகைச் சுற்றினார். தில்லியில் காழியாகப் பணியாற்றினார். மாலத்தீவிலும் அப்பதவியை வகித்தார். சீனம் வரை சென்றார். திரும்பும் வழியில் 1348-இல் திமிஷ்க் நகரில் கொள்ளைநோயின் கோரத்தைக் கண்டார். தந்தையார் பல ஆண்டுகளுக்கு முன்பே இறந்துவிட்ட செய்தி அங்குதான் அவருக்குக் கிடைத்தது. தாயாரும் கொள்ளைநோயில் காலமான செய்தி, சொந்த மண்ணை நெருங்கும் வேளையில் வந்து சேர்ந்தது. இத்தனை இழப்புகளையும் சுமந்துகொண்டுதான் 1350-இல், தம் நாற்பத்தாறாம் வயதில், அவர் கடலைக் கடந்து அந்தலுசியாவில் கால் வைத்தார்.

அப்போது அந்தலுசியாவில் முஸ்லிம்களிடம் எஞ்சியிருந்தது கர்நாத்தா அரசு ஒன்றுதான். குர்துபா 1236-இலும் இஷ்பீலியா 1248-இலும் கைவிட்டுப் போயிருந்தன. கிப்ரால்டரை முற்றுகையிட்டிருந்த காஸ்தில்ய மன்னர் பதினோராம் அல்ஃபோன்சோ, அதே 1350-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் கொள்ளைநோயால் இறந்தார். அதனால் கிடைத்த அமைதியில் இப்னு பதூதா ரோந்தா, மர்பெல்லா, மாலகா வழியாகப் பயணம் செய்தார். மாலகாவின் பொன்வண்ண மட்பாண்டங்களையும் அத்திப்பழங்களையும் திராட்சையின் மலிவையும் வியந்து குறித்தார். பின்னர் கர்நாத்தாவை அடைந்தார்.

அந்நகரை அவர் அந்தலுசிய நகரங்களுக்கிடையே மணப்பெண்ணாக உருவகிக்கிறார். நகரைச் சூழ்ந்த நாற்பது மைல் நிலப்பரப்புக்கு நிகரானதை உலகில் எங்கும் கண்டதில்லை என்கிறார். ஷனீல் ஆறும் பல சிற்றாறுகளும், பழத்தோட்டங்களும் மேய்ச்சல் நிலங்களும் திராட்சைத் தோட்டங்களும் நாற்புறமும் பரந்திருந்ததை வருணிக்கிறார். ஊருக்கு வெளியே ‘கண்ணீர் ஊற்று’ என்று பெயர் பெற்ற ஐனுத் தம்உ பகுதியின் தோட்டங்கள் அவர் உள்ளத்தைக் கவர்ந்தன. வாசகர் வியக்கக்கூடிய செய்தி ஒன்றுண்டு. இன்று உலகமே காணத் திரளும் அல்ஹம்ரா மாளிகையின் வருணனை அவர் நூலில் இல்லை. அந்நாளைய சுல்தான் முதலாம் யூசுஃப் (ஆட்சி 1333-1354) நோயுற்றிருந்தமையால் அவரைக் காண இயலவில்லை. சுல்தானின் தாயார் அனுப்பிய பொற்காசுகளை மட்டும் பெற்றுக்கொண்டார். இன்றைய பயணிகள் தவறாது படமெடுக்கும் சிங்க முற்றம் அப்போது கட்டப்படவே இல்லை. அது யூசுஃபின் மகன் ஐந்தாம் முஹம்மது காலத்தில் எழுந்தது.

அரண்மனை அளிக்காத பேற்றை அவருக்கு ஒரு தோட்டம் அளித்தது. சட்ட அறிஞர் ஒருவரின் தோட்டத்தில் இரு பகலும் ஓர் இரவும் இப்னு பதூதா தங்கினார். அங்குக் கூடியிருந்தோரிடம் தம் பயணக் கதைகளை எடுத்துரைத்தார். கேட்டவர்களுள் இப்னு ஜுஸய் என்னும் இருபத்தொன்பது வயது இளைஞரும் ஒருவர். மாலிகி சட்ட நூலாலும் திருக்குர்ஆன் விரிவுரையாலும் புகழ்பெற்ற இப்னு ஜுஸய் அல்கல்பீ அவர்களின் மகனார் இவர். தந்தையார் 1340-இல் தரீஃபாப் போர்க்களத்தில் உயிர் நீத்தார். பயணி சந்தித்த பெரியோர் பெயர்களை அந்தத் தோட்டத்திலேயே இளைஞர் குறித்துக்கொண்டார். ஐந்தாண்டுகளுக்குப் பின் ஃபாஸ் நகரில், சுல்தான் அபூ இனானின் ஆணைப்படி இப்னு பதூதா சொல்லச் சொல்ல முழு நூலையும் எழுதி ஹிஜ்ரி 756-இல் முடித்தவரும் இவரே. நூல் முற்றுப்பெற்ற ஓரிரு ஆண்டுகளில் அவரும் மறைந்தார். அந்தத் தோட்டத்துச் சந்திப்பு நிகழ்ந்திராவிட்டால், மதுரைச் சுல்தான்களைப் பற்றி நாம் இன்று அறிந்திருப்பதில் பெரும்பகுதி நமக்குக் கிடைத்தே இராது.

கர்நாத்தாவில் வாழ்ந்த இரு இந்தியர்

இப்னு பதூதாவின் கர்நாத்தாக் குறிப்பில் பலரும் கடந்து சென்றுவிடும் செய்தி ஒன்று நம் கவனத்துக்கு உரியது. அந்நகரில் கீழை நாட்டு ஃபக்கீர்கள் சிலர் குடியேறி வாழ்ந்ததாக அவர் எழுதுகிறார். ஒருவர் சமர்கந்து நகரத்தார், ஒருவர் தப்ரேஸ், ஒருவர் கூனியா, ஒருவர் குராசான், இருவர் இந்தியர். தத்தம் சொந்த நாட்டை ஒத்திருந்தமையால் அவர்கள் இந்நகரைத் தேர்ந்துகொண்டனர் என்பது அவர் கூறும் காரணம்.

1350-இல் ஐரோப்பிய மண்ணில் இரண்டு இந்தியர்! அவர்கள் வாளோடு சென்றவர்கள் அல்லர். வாணிகப் பொதியோடு சென்றவர்களாகவும் நூல் கூறவில்லை. தம் ஊர் நீரையும் நிழலையும் நினைவூட்டிய மண்ணில், ஏனைய நாட்டு ஏழைகளோடு இறைதியானத்தில் வாழ்ந்தவர்கள். இந்தியாவின் எப்பகுதியினர் என்று இப்னு பதூதா கூறவில்லை. நாமும் ஊகிக்க முற்பட மாட்டோம். ஆயினும், மலையடிவாரத்து வாய்க்கால் ஓரம் வளர்ந்த எவருக்கும் அவர்கள் மனநிலை விளங்காமல் போகாது. எம் உறவினர் மகன் தேடிய உறவுக்கு வரலாறு தரும் முதற்சான்று இதுவே.

அதே கண்கள் கண்ட மதுரை

கர்நாத்தாவைப் புகழ்ந்த இப்னு பதூதாவை நாம் மகிழ்வோடு மேற்கோள் காட்டுகிறோம். அதே இப்னு பதூதா, அதற்கு ஆறாண்டுகள் முன்னர் நம் மண்ணில் கண்டதையும் வாசிக்க வேண்டாமா?

1344-ஆம் ஆண்டின் இறுதியளவில் இலங்கையிலிருந்து புறப்பட்ட அவரது கப்பல், மஃபர் எனப்பட்ட சோழமண்டலக் கரையருகே புயலில் சிக்கியது. பாய்மரத்தை வெட்டி எறிந்தனர். உடன்வந்தோரைத் தெப்பத்தில் அனுப்பிவிட்டு அவர் கப்பலிலேயே இரவைக் கழித்தார். மறுநாள் கரையோர மக்கள் படகில் வந்து அவரை மீட்டனர். மதுரைச் சுல்தான் கியாசுத்தீன் தாமகானி அவருக்கு மைத்துனர் முறையினர். மதுரை அரசை நிறுவிய ஜலாலுத்தீன் அஹ்சன் ஷாவின் பெண்மக்களுள் ஒருவரை இப்னு பதூதாவும், மற்றொருவரைக் கியாசுத்தீனும் மணந்திருந்தனர். எனவே அவருக்கு அரசு வரவேற்பு கிடைத்தது.

விருந்தினராயும் உறவினராயும் இருந்த அவர் அங்குக் கண்டது கொடுமை. போரில் பிடிபட்ட எளிய மக்களைச் சுல்தான் கழுவேற்றியதையும், பெண்களையும் குழந்தைகளையும்கூட விட்டுவைக்காததையும் அவர் பதிவு செய்கிறார். உணவுண்ணும் வேளையில் ஒரு கைதியையும் அவன் மனைவியையும் சிறுவனான மகனையும் வெட்டுமாறு சுல்தான் ஆணையிட்டபோது, தாம் முகத்தைத் திருப்பிக்கொண்டதைச் சொல்கிறார். எண்பது வயதைக் கடந்த ஹொய்சள மன்னர் மூன்றாம் வீர வல்லாளரின் உடலுக்கு நேர்ந்த இழிவை மதுரை மதிலில் தம் கண்ணால் கண்டதாகவும் எழுதுகிறார். இத்தகைய இழிசெயலை வேறெந்த மன்னரிடமும் தாம் அறிந்ததில்லை என்பதும், இதன் காரணமாகவே அல்லாஹ் அச்சுல்தானின் முடிவை விரைவுபடுத்தினான் என்பதும் அவர் தீர்ப்பு.

அவர் மதுரை நகருக்குள் நுழைந்தபோது அங்கும் ஒரு கொள்ளைநோய் பரவியிருந்தது. நோயுற்றோர் இரண்டாம், மூன்றாம், நான்காம் நாளுக்குள் இறந்தனர். சுல்தானின் தாயும் மனைவியும் மகனும் இறந்தனர், சுல்தானும் மாண்டார்.

நம்மவர் சிலர் இப்பகுதியைப் பேசத் தயங்குகின்றனர். வேறு சிலரோ இதனை மட்டுமே எடுத்துக்கொண்டு, தமிழ் முஸ்லிம்களின் வரலாறு முழுவதும் இதுவே என்று நிறுவ முயல்கின்றனர். இரண்டும் பிழை. வாணிகத்தாலும் இறைநேசர்களின் தொண்டாலும் இம்மண்ணில் வேரூன்றிய நம் சமுதாயத்துக்கும், நாற்பது ஆண்டுகள் போல் நீடித்துக் கம்பண உடையாரின் படையெடுப்போடு வலுவிழந்து மறைந்த ஓர் அரசின் கொடுமைகளுக்கும் வேறுபாடு உண்டு. அந்த வேறுபாட்டை நமக்குக் கற்பிப்பவர் ஒரு முஸ்லிம் காழியே. உறவுமுறையும் மார்க்க ஒற்றுமையும் அவர் நாவைக் கட்டவில்லை. கர்நாத்தாவின் தோட்டங்களைப் புகழ்ந்த நாவே மதுரையின் கொடுமையையும் கண்டித்தது. பின்னதை மறைத்துவிட்டு முன்னதை மட்டும் மேற்கோள் காட்டினால், அந்தப் பயணிக்கு நாம் நியாயம் செய்தவர்கள் ஆகமாட்டோம்.

இழப்பின் காலம்

இப்னு பதூதாவுக்குப் பின் கர்நாத்தாவைக் கண்டோருள் இப்னு கல்தூன் தலையானவர். 1362-இன் இறுதியில் அங்குச் சென்ற அவரை, வரலாற்றாசிரியரும் அமைச்சருமான இப்னுல் கதீப் வரவேற்றார். அடுத்து, காஸ்தில்ய மன்னர் பெத்ரோவிடம் தூதராக இஷ்பீலியாவுக்கு அனுப்பப்பட்டார். அது அவருடைய முன்னோரின் ஊர். தம்மோடு தங்கினால் அம்முன்னோரின் சொத்துகளைத் திருப்பித் தருவதாக மன்னர் கூறினார்; இப்னு கல்தூன் பணிவோடு மறுத்துவிட்டார். ‘நம்முடையது’ என்ற சொல்லுக்கு முழு உரிமை பெற்றிருந்த ஒருவர், அதைக் கைநீட்டிப் பெறாமல் திரும்பிய தருணம் அது. நாகரிகங்களின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் ஆராய்ந்து அவர் பின்னர் எழுதிய ‘முகத்திமா’வை வாசிப்போர், இந்நிகழ்ச்சியையும் நினைவில் கொள்வது நன்று.

1491 நவம்பர் 25-ஆம் நாள் கையெழுத்தான உடன்படிக்கையின்படி, 1492 ஜனவரி 2 அன்று கடைசிச் சுல்தான் அபூ அப்தில்லாஹ் நகரை ஒப்படைத்தார். முஸ்லிம்களின் மார்க்கமும் பள்ளிவாசல்களும் சட்டமும் காக்கப்படும் என்று அவ்வுடன்படிக்கை உறுதியளித்திருந்தது. எட்டாண்டுகள்கூட அது தாங்கவில்லை. 1499-இல் சிஸ்னெரோஸ் என்னும் பேராயரின் கட்டாய மதமாற்றம் தொடங்கியது. பிப் ரம்லா சதுக்கத்தில் அரபு நூல்கள் குவித்து எரிக்கப்பட்டன. மருத்துவ நூல்கள் மட்டும் தப்பின. 1502-ஆம் ஆண்டு ஆணை, மதம் மாறுதல் அல்லது நாட்டைவிட்டு நீங்குதல் என்ற இரண்டையே முஸ்லிம்கள் முன் வைத்தது. மாறியவர்களின் வழித்தோன்றல்களும் 1609 முதல் 1614 வரையிலான காலத்தில் நாடு கடத்தப்பட்டனர். வென்றவர் எச்சமயத்தினராயினும், ஒப்பந்தத்தை முறித்தவரை வரலாறு அந்தப் பெயராலேயே நினைவில் வைக்கிறது.

அதன்பின் அல்ஹம்ரா சிதைந்து கிடந்தது. 1812-இல் பின்வாங்கிய நெப்போலியனின் படை அதன் கோபுரங்கள் சிலவற்றை வெடிவைத்துத் தகர்த்தது. 1829-இல் வந்த அமெரிக்க எழுத்தாளர் வாஷிங்டன் இர்விங், மாளிகைக்குள்ளேயே சில திங்கள் தங்கினார். 1832-இல் வெளிவந்த அவரது அல்ஹம்ராக் கதைகள் நூலுக்குப் பின்னரே மேலை உலகம் அந்நகரைக் காதலிக்கத் தொடங்கியது.

சென்னையில் பேசியவர், குர்துபாவில் தொழுதார்

நாம் குறிப்பிட்ட இரண்டாம் பயணி அல்லாமா இக்பால். 1929 ஜனவரியில் சென்னைக்கு வந்து, இஸ்லாமியச் சிந்தனையின் மறுசீரமைப்புப் பற்றி மூன்று சொற்பொழிவுகள் ஆற்றினார். அவரை அழைத்துப் போற்றியதில் முன்நின்றவர் வணிகப் பெருந்தகை ஜமால் முஹம்மது சாகிப். அவர் பெயர் தாங்கிய கல்லூரி 1951 முதல் திருச்சியில் நடைபெற்று வருவதை வாசகர் அறிவர். அச்சொற்பொழிவுகளுக்கு நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1933 ஜனவரியில், மூன்றாம் வட்டமேசை மாநாட்டுக்குச் சென்றிருந்த இக்பால் ஸ்பெயினுக்குச் சென்றார். குர்துபாப் பெரிய பள்ளிவாசல் தேவாலயமாக மாற்றப்பட்டு ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகள் கழிந்திருந்தன. அங்கு அவர் தொழுதார். அந்த அனுபவத்தில் பிறந்த நெடுங்கவிதை ‘பாலே ஜிப்ரீல்’ தொகுப்பில் 1935-இல் வெளிவந்தது.

இக்பாலின் பயணத்தை நாம் பெரும்பாலும் கண்ணீரோடு மட்டுமே நினைக்கிறோம். ஆனால் சென்னையில் அவர் பேசிய பொருளை உடன்வைத்துப் பார்க்கவேண்டும். பழைய பெருமையைத் திரும்பச் சொல்வதில் அவர் நிறைவு காணவில்லை. சிந்தனையை இக்காலத்துக்கு ஏற்ப மீளக் கட்டும் கடமையையே அங்கு வலியுறுத்தினார். குர்துபாவின் தூண்களுக்கிடையே அவர் நின்றது அக்கடமையை மறந்து அழுவதற்காக அன்று.

நீரின் மொழி

கர்நாத்தாவில் எஞ்சியிருப்பது எது? கட்டடங்கள் ஒருபுறம் இருக்க, நீர் எஞ்சியிருக்கிறது. 1238-இல் அல்ஹம்ராவைத் தொடங்கிய முதலாம் முஹம்மது இப்னுல் அஹ்மர், கோட்டை எழுப்பும்போதே தண்ணீருக்கும் வழி செய்தார். தர்ரோ ஆற்றின் மேற்பகுதியிலிருந்து ஏறத்தாழ 6 கிலோமீட்டர் தொலைவுக்கு மலைச்சரிவில் வாய்க்கால் வெட்டிக் குன்றின் உச்சிக்கு நீர் கொணர்ந்தார். ஐனுத் தம்உ வாய்க்காலோ அல்ஃபக்கார் ஊற்றிலிருந்து அல்பைசீன் குன்றின் குடியிருப்புகளுக்கும் பள்ளிவாசல்களின் நீர்த்தொட்டிகளுக்கும் சென்றது. அந்த ஊற்றின் அருகேதான் 1936-இல் ஸ்பானியக் கவிஞர் லோர்கா சுட்டுக்கொல்லப்பட்டார். கண்ணீர் ஊற்று என்ற அரபுப் பெயர் அறுநூறு ஆண்டுகள் கழித்து வேறொரு வகையில் மெய்யாயிற்று.

நூல்களை எரித்தவர்களால் நீர்ச்சொற்களை எரிக்க முடியவில்லை. வாய்க்காலை ஸ்பானியர் இன்றும் ‘அசேக்கியா’ என்பர். அது அரபியின் ‘அஸ்ஸாக்கியா’. நீர்த்தொட்டி ‘அல்ஹிபே’, அது ‘அல்ஜுப்பு’. குளம் ‘அல்பெர்க்கா’, அது ‘அல்பிர்க்கா’. வலென்சியாவில் தேவாலய வாயிலில் வியாழன்தோறும் நண்பகலில் கூடும் நீர் மன்றம், உழவர்களின் வழக்குகளை எழுத்தின்றி வாய்மொழியாகவே தீர்க்கிறது. முஸ்லிம்கள் காலத்து மரபின் தொடர்ச்சியாகக் கருதப்படும் அதனை யுனெஸ்கோ 2009-இல் மானுடப் பண்பாட்டு மரபாக ஏற்றது. சியெரா நெவாடாவின் சரிவுகளில் தூர்ந்துபோன பழைய வாய்க்கால்களைக் கர்நாத்தாப் பல்கலைக்கழகத்தாரும் ஊராரும் தன்னார்வலரும் சேர்ந்து மீண்டும் தூர்வாரி வருகின்றனர். பனி உருகும் காலத்தில் நீரை மலைச்சரிவில் பரவவிட்டு, மண்ணுக்குள் இறக்கி, கோடையில் கீழே ஊற்றாகப் பெறும் முறை அது. வறட்சி மிகுந்துவரும் இக்காலத்தில் அம்முறை மறுபடியும் பயன்படுகிறது.

கம்பம் பள்ளத்தாக்கு மக்களுக்கு இது அந்நியமான செய்தி அன்று. மேற்கே ஓடிய பெரியாற்று நீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய அணை 1895 அக்டோபர் 10 அன்று திறக்கப்பட்டது. லோயர்கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நெல் வயல்கள் அந்நீரால் வாழ்கின்றன. அதனைக் கட்டிய பென்னிகுக் நம் சமயத்தவரும் அல்லர், நம் இனத்தவரும் அல்லர். எனினும் பொங்கல் நாளில் அவர் படத்துக்கு முன் பொங்கலிடும் ஊர்கள் இங்குண்டு. லோயர்கேம்பில் 2013-இல் அவருக்கு மணிமண்டபம் எழுந்தது; அவர் 1911-இல் மறைந்த இங்கிலாந்தின் கேம்பர்லி ஊரில் 2022-இல் தமிழக அரசு சிலை நிறுவியது. நீர் தந்தவனை மக்கள் தம்மவனாகவே கொள்கின்றனர். கர்நாத்தாவின் இன்றைய உழவரும் தம் வாய்க்காலுக்கு அரபுப் பெயரையே சொல்லி வாழ்வது இதனோடு ஒத்தது.

நிறைவாக

2003 ஜூலையில் அல்பைசீன் குன்றின் மேல், அல்ஹம்ராவை எதிர்நோக்கியவாறு, புதிய பள்ளிவாசல் ஒன்று திறக்கப்பட்டது. ஐந்து நூற்றாண்டுகளுக்குப் பின் அந்நகரில் தொழுகைக்கெனக் கட்டப்பட்ட முதற்பள்ளி அது. இன்று கர்நாத்தா செல்லும் முஸ்லிம் பயணிகளிடம் மறக்க முடியாத தருணம் எதுவென்று கேட்டால், சிங்க முற்றத்தைச் சொல்வோரைப் போலவே, அப்பள்ளியின் தோட்டத்தில் நின்று மாலைத் தொழுகைக்கான பாங்கைக் கேட்டவாறு எதிர்க்குன்றின் செந்நிற மதில்களைப் பார்த்ததைச் சொல்வோரும் உண்டு. அம்மதில்களுக்கு உள்ளே, சுவர்தோறும் நஸ்ரி மன்னர்கள் பொறித்த வாசகம் ஒன்றே: வெற்றியாளன் அல்லாஹ்வையன்றி வேறில்லை. தோற்றுப்போன அரசின் சுவரில் இன்றும் நிற்கும் அவ்வாசகத்தின் பொருளைத் தோல்விக்குப் பின்னரே உலகம் முழுமையாக உணர்ந்திருக்கும்.

எம் உறவினர் மகனுக்கு நாம் பின்வருமாறு மறுமொழி எழுதினோம்: “கோட்டை நம்முடையதன்று, தம்பி, எவருடையதாகவும் அது நிலைக்கவில்லை. அங்கு நமக்கு உரிமையானவை மூன்று. நீரைப் பேணும் அறிவு ஒன்று. வேற்றூரையும் சொந்த ஊராகக் கண்டு வாழ்ந்த அந்த இரு இந்திய ஃபக்கீர்களின் மனம் மற்றொன்று. அழகைக் கண்டால் அழகென்றும், நம்மவர் செய்த கொடுமையைக் கண்டால் கொடுமையென்றும் எழுதிய பயணியின் நேர்மை மூன்றாவது. இம்மூன்றையும் நீ அங்கிருந்து கொண்டுவரலாம். சுங்கத்தில் எவரும் தடுக்கமாட்டார்.”

சில நாட்கள் கழித்து அவரிடமிருந்து மற்றொரு படம் வந்தது. அதில் மாளிகையும் இல்லை, அவரும் இல்லை. மலைச்சரிவில் ஒடுங்கிய வாய்க்கால் ஒன்று, கரையில் கற்கள், ஒரு சிறு மடை. கீழே எழுதியிருந்தது: “மாமா, நம்ம ஊர் மடை போலவே இருக்கிறது.” அந்தச் சொல்லில் எமக்குக் குறையொன்றும் தோன்றவில்லை. அல்ஹம்து லில்லாஹ்.